முகத்தைப் படம் பிடித்தவரிடம் காகிதம் கேட்பது எப்படி

நான் பணி ஓய்வு பெற்ற நாளில் என் பதவியின் பெயர் கண்காணிப்பாளர். ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் தகவல் அறியும் உரிமை மனுக்கள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போயின. எந்த மனுவைக் கண்டால் பிரிவு எழுத்தர் தண்ணீர் குடிப்பார், எந்த மனுவை ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவார் என்பது எனக்கு மனப்பாடம். அந்த வித்தையை இப்போது மேசையின் மறுபக்கம் நின்று சொல்கிறேன்.

இதற்கு என்னை இழுத்துவிட்டது ஒரு தையல் கடைப் பையன். வயது இருபத்திரண்டு. ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்குச் சைக்கிளில் வீடு திரும்பியவனை வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு காவலர் கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுத்தார். வேறொரு மாவட்டத்துப் பழைய வழக்கில் இருந்த யாரோ ஒருவரின் முகத்தோடு இவன் முகம் ஒத்துப்போவதாகக் கைப்பேசி சொல்லிவிட்டது. நள்ளிரவு தாண்டும்வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கடை முதலாளி ஆதார் நகலோடு வந்து பேசிய பிறகு, "சரி, போ" என்று அனுப்பிவிட்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. மறுநாள் என் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொண்டுவந்தவன், காசை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான். "அம்மா, என் படம் அந்த போனில் இன்னும் இருக்குமா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவனை அனுப்பி வைத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதில் ஏதாவது ஒரு கோப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை என்பதாவது எழுத்தில் வர வேண்டும். அரசாங்கத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவளுக்கு இந்த ஒரு நம்பிக்கைதான் மிச்சம்.

முதலில் சட்டத்தில் அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தேன். 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2022இல் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் கொண்டுவந்தார்கள். புகைப்படம், கைரேகை, கருவிழி எல்லாம் எடுக்கலாம், 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது அது. கேட்கவே தலை சுற்றும். ஆனால் யாரிடம் எடுக்கலாம் என்ற பகுதியைக் கவனியுங்கள்: தண்டனை பெற்றவர், கைது செய்யப்பட்டவர், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர், நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்க உத்தரவிடப்பட்டவர், நடுவர் உத்தரவிட்டவர். தையல் கடைப் பையன் இதில் ஒருவனும் இல்லை. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, வழக்கிலிருந்து முழுமையாக விடுதலையானாலோ அவருடைய பதிவை அழிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிட்டால்தான் விதிவிலக்கு. கைதாகி விடுதலையானவனுக்கு அழிப்பு விதி இருக்கிறது. கைதே ஆகாதவனுக்கு எந்த விதியும் இல்லை. இந்த ஓட்டையைத்தான் நீங்கள் கேள்வியாக்க வேண்டும்.

மனு எழுத உட்காரும் முன்பு உங்கள் தெருவையே ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். சென்னையில் 2018 வாக்கில் 'மூன்றாவது கண்' என்று கேமரா பொருத்துவது பெரிய இயக்கமாக நடந்தது நினைவிருக்கும். கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் சொந்தச் செலவில் பொருத்தினார்கள். சென்னையைப் பார்த்து மற்ற ஊர்களும் செய்தன. எங்கள் சங்கமும் வீட்டுக்கு 1,200 ரூபாய் வசூலித்து ஒன்பது கேமரா மாட்டியது. வசூல் நோட்டில் கையெழுத்துப் போட்ட செயலாளர் நான்தான். பதிவாகும் பெட்டி மளிகைக் கடையின் பரணில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. யாராவது காவலர் பென் டிரைவோடு வருவார், கடைக்காரர் ஏணி போட்டு ஏறுவார், காட்சியைப் பதிந்து கொடுப்பார். யாருக்கு, எதற்கு, எந்த நாளுடையது என்று ஒரு வரி எங்கும் எழுதியதில்லை. ஐந்து ஆண்டுகளாக இப்படி. காவல்துறையிடம் ஒழுங்குமுறை கேட்கப் போகிற நான், என் பரணில் ஒரு நோட்டுகூட வைக்கவில்லை.

ஆகவே முதல் வேலை இதுதான். 192 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பத்திகள்: தேதி, கேட்டவரின் பெயரும் பதவியும், காவல் நிலையம், குற்ற எண், எந்தக் கேமரா, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, கொடுத்தவர் கையெழுத்து, பெற்றவர் கையெழுத்து. வாய்மொழியாகக் கேட்டால், "எழுத்தில் கொடுங்கள் ஐயா, உடனே தருகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ எழுத்தில் கேட்டுப் பெற, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 94 இருக்கிறது. பழைய சட்டத்தில் பிரிவு 91 என்று இருந்தது இதுதான். எழுத்தில் கேட்பது அவர்களுக்கும் நல்லது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63 மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழ் இல்லாமல் அந்தக் காட்சி நீதிமன்றத்தில் தள்ளாடும். இதை ஒரு உதவி ஆய்வாளரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நல்லதுதான் மேடம், கோர்ட்டில் எங்களைத்தான் கேட்பார்கள்" என்றார். பெண்கள் பிரச்சினை, கொள்ளை போன்ற அவசரத்தில் முதலில் காட்சியைக் காட்டிவிட்டு அன்று மாலைக்குள் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். முரண்டு பிடிப்பதற்காக அந்த நோட்டை வைக்கவில்லை.

கேமராக் கம்பத்தில் ஒரு தகரப் பலகையும் மாட்டுங்கள்: இங்கே கேமரா இருக்கிறது, பொறுப்பு இன்னார், பதிவு இத்தனை நாள்தான் இருக்கும். நாங்கள் முப்பது நாள் என்று வைத்துப் பெட்டியையும் அதற்கேற்ப அமைத்துவிட்டோம். பலகைக்கு 450 ரூபாய்.

இனி மனு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாள், தமிழில் எழுதலாம், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். இணையத்திலும் அனுப்பலாம். ஆனால் நான் இன்னும் தாளை நம்புகிறவள். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதில் அனுப்பி ரசீதை மனுவின் ஜெராக்ஸோடு குத்தி வையுங்கள். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், பிறகு அலுவலகத்தின் பெயர். அதிகாரியின் பெயர் தேவையில்லை. எந்த அலுவலகம் என்று குழப்பமிருந்தால் கவலை வேண்டாம். தவறான இடத்துக்குப் போனால் ஐந்து நாட்களுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை, பிரிவு 6(3). காரணம் எதுவும் எழுத வேண்டாம், பிரிவு 6(2).

மனுவை வெல்வதும் தோற்பதும் வினைச்சொல்லில் இருக்கிறது. "ஏன் பொதுமக்களைப் படம் எடுக்கிறீர்கள்? இது நியாயமா?" என்று எழுதினால், நானே என் காலத்தில் இப்படித்தான் பதில் போட்டிருப்பேன்: "மனுதாரர் கோருவது பிரிவு 2(எஃப்)இன்படி தகவல் ஆகாது." முடிந்தது. அரசு அலுவலகத்திடம் கருத்துக் கேட்கக் கூடாது. ஆவணம் கேட்க வேண்டும். 'ஏன்' வரும் இடத்தில் எல்லாம் 'நகல் தருக' என்று மாற்றுங்கள். நான் அனுப்பிய மனுவின் உடல் இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

1. முகம் அறியும் மென்பொருளைக் காவலர்கள் பயன்படுத்த அனுமதிக்கும் அரசாணை, சுற்றறிக்கை, நிலையான செயல்முறை அறிவுறுத்தல் ஆகியவற்றின் நகல்.
2. அதைப் பயன்படுத்தும் உரிமை எந்தப் பதவி நிலையிலிருந்து தரப்படுகிறது என்பதைக் காட்டும் ஆவணத்தின் நகல்.
3. மென்பொருளை வாங்கவோ உருவாக்கவோ செய்த ஒப்பந்தம், பணி ஆணை, செலவுத் தொகை ஆகியவற்றின் நகல்.
4. முகங்கள் ஒத்துப்போகின்றன என்று கொள்வதற்கான குறைந்தபட்ச விழுக்காட்டைக் குறிப்பிடும் ஆவணம், துல்லியச் சோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்.
5. கடந்த பன்னிரண்டு மாதங்களில், மாத வாரியாகச் செய்யப்பட்ட தேடல்களின் எண்ணிக்கை.
6. கைது செய்யப்படாத நபரின் படத்தைச் சேமிப்பது, அழிப்பது குறித்த அறிவுறுத்தலின் நகல்.
7. மேற்கண்டவற்றில் ஏதேனும் ஆவணம் இல்லையெனில், இல்லை என்பதை வரிசை எண் குறிப்பிட்டுத் தெரிவிக்கக் கோருகிறேன்.

ஏழாவது வரி என் சொந்தச் சரக்கு. அதுதான் தூண்டில் முள். அது இல்லாவிட்டால் ஆறுக்கும் சேர்த்து மொட்டையாக ஒரு மறுப்பு வரும்.

ஐந்தாவது கேள்விக்கு "அப்படித் தொகுத்து வைப்பதில்லை" என்று பதில் வரக்கூடும். நம்ப வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் மென்பொருளை 2021 அக்டோபரில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். உருவாக்கிக் கொடுத்தது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா மையம். 2024 மே மாதம் அந்தத் தளத்தில் ஒரு நிர்வாகக் கணக்குக்குள் வெளியார் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்போது வந்த விளக்கத்தில், அந்தக் கணக்கை வைத்துப் பயனர் அடையாளங்களை உருவாக்கலாம், எத்தனை தேடல் நடந்தது என்று பார்க்கலாம், அவ்வளவுதான் என்று சொன்னார்கள். ஊடுருவியவருக்கே தெரிந்த எண்ணிக்கையை வரி கட்டுகிறவருக்குச் சொல்வதில் என்ன இடர் இருக்க முடியும்? மேல்முறையீட்டில் இந்த ஒரு வரியை அழகாக எழுதலாம்.

நான்காவது கேள்வி துடுக்காகத் தெரியலாம். டெல்லியில் இண்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதையே கேட்டது. எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக 2022இல் டெல்லி காவல்துறை எழுத்திலேயே பதில் கொடுத்தது. அதற்குக் கீழே இருந்தாலும் விசாரணைக்கு உட்படுத்துவோம் என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தப் பதிலால் டெல்லியில் எந்தப் பாதுகாப்பும் இடிந்துவிடவில்லை. நம் மனுவுக்கு இது நல்ல முன்னுதாரணம்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. கேமராக்கள் எங்கே எங்கே இருக்கின்றன என்ற முழுப் பட்டியல், நடந்துகொண்டிருக்கும் வழக்கின் விவரம், தனிக் காவலரின் பெயர் ஆகியவற்றைக் கேட்டால் மறுக்கும் கதவை நீங்களே திறந்து வைக்கிறீர்கள். உளவுப் பிரிவுகளுக்கு நேரடியாக மனு போடுவதும் வீண். பிரிவு 24(4)இன் கீழ் மாநில அரசு அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டு என்றால் மட்டும் அங்கும் சந்து உண்டு. கொள்கை, எண்ணிக்கை, பணம் இந்த மூன்றோடு நில்லுங்கள்.

முப்பது நாள். காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.

என் மனுவுக்கு இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. பதினோரு வார்த்தை. பிரிவு 8(1)(எச்)இன்படி வழங்க இயலாது. விசாரணைக்கு இடையூறாம். எந்த விசாரணை என்று இல்லை. இதை எழுதிய கை எனக்குப் பரிச்சயமான கைதான். ஆள் தெரியாது, வகை தெரியும். ஏற்கெனவே ஒரு மறுப்பின் மாதிரி கணினியில் இருக்கும், கோப்பு எண்ணையும் தேதியையும் மட்டும் மாற்றி அச்சடிப்பார்கள். கோபப்படாதீர்கள். மாதிரியை வைத்து எழுதியவரை மேல்முறையீட்டில் மடக்குவது எளிது.

முதல் மேல்முறையீடு பிரிவு 19(1)இன் கீழ், பதில் கிடைத்த முப்பது நாட்களுக்குள், அதே துறையின் மேலதிகாரிக்கு. கட்டணம் கிடையாது. நான் எழுதியது சுமார் ஒன்றரைப் பக்கம். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது, தகவல் தருவதால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என 2007 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் என்பவரின் வழக்கில் சொன்னது (தூக்கு மேடை ஏறியவர் இல்லை, இவர் வேறு). அதை முதல் பத்தியில் வைத்தேன். மறுப்பு சரி என்று நிறுவ வேண்டிய சுமை அலுவலர் மீதுதான் இருக்கிறது என்ற பிரிவு 19(5) இரண்டாம் பத்தி. ஒரு ஆவணத்தில் நான்கு வரி ரகசியம் என்றால் அந்த நான்கு வரியைக் கறுப்படித்து மீதியைத் தர வேண்டும் என்ற பிரிவு 10 மூன்றாம் பத்தி. பொதுநலன் கெடுதலைவிடப் பெரிதாக இருந்தால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்ற பிரிவு 8(2) கடைசி. முதலாவது விசாரணையைச் சொல்லி மறுத்தால் மட்டும், மற்ற மூன்றும் இந்தப் பிரிவு 8 மறுப்பு எதற்கும் பொருந்தும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தனிநபர் தகவல், ஆகவே 8(1)(ஜே) என்று மறுத்தால் ஒரு எச்சரிக்கை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வழியாக அந்த உட்பிரிவைத் திருத்தி, 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்பு அதற்குள்ளேயே இருந்த பொதுநலன் வாசகம் போய்விட்டது. இப்போது 8(2) ஒன்றுதான் பிடி. அந்தத் தரவுச் சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று சிலர் சொல்கிறார்கள். குற்றத்தைத் தடுப்பதற்கும் கண்டுபிடிப்பதற்கும் விசாரிப்பதற்கும் அதே சட்டத்தின் பிரிவு 17 விலக்கு அளித்திருப்பதை அவர்கள் படிக்கவில்லை போலிருக்கிறது.

மேல்முறையீட்டு அதிகாரி முப்பது நாளில், மிஞ்சினால் நாற்பத்தைந்து நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் தொண்ணூறு நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். போடுவது அபூர்வம் என்றாலும் அந்த எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டால் பிரிவு எழுத்தர் தண்ணீர் குடிப்பார்.

எனக்கு முப்பத்தெட்டாம் நாளில் மேல்முறையீட்டு ஆணை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்றுக்குப் பகுதிப் பதில். ஐந்துக்கு வேறு அலுவலகத்துக்கு மாற்றம். நான்குக்கு மறுப்பு. ஆறாவது கேள்விக்கு எதிரே ஒரு வரி: "தனியான அறிவுறுத்தல் ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை." பையனிடம் காட்டினேன். முகம் வாடிவிட்டது. "அப்படியென்றால் ஒன்றும் கிடைக்கவில்லையா அம்மா?"

கிடைத்ததே அதுதான். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கை வைப்பதற்கு முதல் நிபந்தனை, அனுமதிக்கும் சட்டம் ஒன்று இருக்க வேண்டும். அடுத்து, நோக்கம் முறையானதாக இருக்க வேண்டும். அதன் பிறகு, எடுக்கும் நடவடிக்கை தேவைக்கு மிஞ்சக் கூடாது. 'அறிவுறுத்தல் ஏதும் இல்லை' என்று முத்திரையோடு வரும் தாள், முதல் நிபந்தனையிலேயே இடறி விழுகிறது. நீங்கள் மேடையில் 'விதியே இல்லை' என்று முழங்கினால் அது குற்றச்சாட்டு. அவர்களே எழுதிக் கொடுத்தால் அது சான்று. தெலங்கானாவில் முகம் அறியும் தொழில்நுட்பத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு இருக்கிறது. 2021 மே மாதம் ஹைதராபாத் தெருவில் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுக்கப்பட்ட சமூக ஆர்வலர் எஸ்.கியூ.மசூத் தொடுத்த வழக்கு அது. அவரும் முதலில் காவல்துறைக்கு எழுத்தில்தான் கேட்டார். வழக்கு பிறகு.

வழக்குப் போடச் சொல்லவில்லை. அதற்குப் பணமும் வழக்கறிஞரும் ஆயுளும் வேண்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேறு மூன்று கதவுகளைத் தட்டலாம். சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்று அச்சிடுகிறார்கள், அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும். எந்தக் கருவி வாங்கினார்கள், எந்த மென்பொருள் சேர்த்தார்கள் என்பதையெல்லாம் பெருமையாக அதில் எழுதியிருப்பார்கள். நான் பென்சிலோடு படிப்பேன். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அந்தப் பக்கத்தின் நகலையும் உங்கள் பதில் கடிதத்தின் நகலையும் சேர்த்து, "இதற்கு அழிப்பு விதி எப்போது வரும்?" என்று ஒரே ஒரு கேள்வியாக அனுப்புங்கள். ஐந்து பக்கம் எழுதினால் உதவியாளரே ஓரம் கட்டிவிடுவார். அடுத்தது உள்ளாட்சி. காவல்துறை மாமன்றத்துக்குக் கட்டுப்பட்டதில்லை, ஆனால் மாநகராட்சிக் கம்பத்தில் மாட்டினால் கம்பம் மாமன்றத்துடையது. பகுதி சபையிலும் கிராம சபையிலும் தீர்மானம் கொண்டுவரலாம். மூன்றாவது கதவு ஒப்பந்தப்புள்ளி. பொது ஒப்பந்தங்களுக்கு 1998ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கேமரா டெண்டர் வெளியாகும்போது ஆவணத்தைப் பதிவிறக்கிப் பாருங்கள். 'முகம் அறியும் வசதி இருக்க வேண்டும்' என்ற வரி அங்கேதான் முதலில் தென்படும். கருவி கம்பத்தில் ஏறிய பிறகு கேட்பதைவிட அப்போது கேட்பது நூறு மடங்கு நல்லது.

என்ன விதி கேட்பது என்று திகைக்க வேண்டாம், முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கும் ஒரு காலத்தில் முறையான நடைமுறை விதி கிடையாது. 1996 டிசம்பரில், பி.யூ.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. இன்று 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி உத்தரவு உள்துறைச் செயலரிடமிருந்து வர வேண்டும், அறுபது நாள்தான் செல்லும், நீட்டித்தாலும் நூற்றெண்பது நாளைத் தாண்டக் கூடாது. தலைமைச் செயலர் தலைமையில் ஒரு மறுஆய்வுக் குழு இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் இந்த வரம்புக்குப் பல் உண்டு. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்கில் 2011இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாத இடத்தில், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்றார். குரலுக்கு இத்தனை பூட்டு இருக்கும்போது முகத்துக்கு ஒரு தாழ்ப்பாள்கூட இல்லை. ஆகவே நான் அனுப்பிய கோரிக்கையில் நான்கே அம்சம் வைத்தேன்: யார் அனுமதியோடு தேடலாம், ஒவ்வொரு தேடலும் பதிவேட்டில் ஏற வேண்டும், கைது ஆகாதவரின் படம் எத்தனை நாளில் அழிய வேண்டும், மென்பொருளின் சொல்லை மட்டும் வைத்து யாரையும் பிடித்து வைக்கக் கூடாது.

நான்காவது அம்சம் கற்பனை பயம் என்று எங்கள் சங்கத் தலைவர் சொன்னார். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை 2020 ஜனவரியில் இப்படித்தான் பிடித்தார்கள். கடிகாரத் திருட்டு, மங்கலான கேமராப் படம், மென்பொருள் காட்டிய தவறான பொருத்தம். மனைவியும் மகள்களும் பார்க்க விலங்கு பூட்டி, சுமார் முப்பது மணி நேரம் காவலில் வைத்தார்கள். 2024இல் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்வதில்லை என்று அந்த நகரக் காவல்துறை எழுதிக் கொடுத்தது. தலைவர் இதைக் கேட்டுவிட்டு, நம் பையன் நள்ளிரவோடு தப்பினான் என்றார்.

கேமரா நமக்கு உதவும் ஒரே இடம் காவல் நிலையத்துக்குள் இருக்கும் கேமரா. அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நொண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில் எழுதியது: சேமிப்புக் கருவியில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு அன்றாடம் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். பையனின் படத்தை அழிக்க ஒரு விதியும் இல்லை என்கிற அமைப்பு, தன் அறையின் படத்தை அழிக்க மறக்கவில்லை.

அதே 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பறை என்று கேமரா பொருத்தச் சொன்னது. பதினெட்டு மாதம் பதிவு இருக்க வேண்டும், அத்தகைய கருவி சந்தையில் கிடைக்காத நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. மேற்பார்வைக்கு மாவட்ட அளவில் ஒரு குழுவும் வைத்தது. ஆகவே உங்கள் வீட்டு மனிதரைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்தால், தகவல் மனுவுக்கு முன்பாக அன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை, உள்ளே இருக்கும் கேமராக்களின் பதிவை அழியாமல் பாதுகாக்கக் கோருகிறேன். நிலைய ஆய்வாளருக்கு ஒன்று, மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அல்லது ஆணையருக்கு ஒன்று, மாவட்ட மேற்பார்வைக் குழுவுக்கு ஒன்று. நகல் கேட்பது அப்புறம். உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் தகவல் மனுவுக்கே 48 மணி நேரம்தான் கெடு, பிரிவு 7(1). அந்தச் சொற்களை மனுவின் தலைப்பிலேயே, சிவப்பு மையில் எழுதுங்கள். தபால் பிரிவில் உறையைப் பிரிக்கும் பெண்மணி அதைப் பார்த்தால்தான் அன்றே மேலே போகும்.

பையன் விஷயத்தில் நாங்கள் இதைச் செய்யவில்லை. அவன் வந்து கேட்டபோது என்னுடைய மூளை அழிப்பு விதியைப் பற்றியே சுற்றிக்கொண்டிருந்தது. அன்று இரவின் பெஞ்சுக் காட்சி இப்போது எங்கே இருக்கிறதோ.

போன வாரம் அவனே ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தான், மாற்றி அனுப்பப்பட்ட ஐந்தாவது கேள்விக்கு இரண்டு மாதம் ஆகியும் பதில் இல்லாததால். அளவெடுக்கும் நோட்டிலிருந்து கிழித்த தாள், குண்டுக் குண்டு எழுத்து. "நான் எந்தத் தவறும் செய்யாதவன், ஏழைத் தொழிலாளி, தயவு செய்து" என்று தொடங்கியிருந்தான். அந்த வரியைப் பென்சிலால் அடித்தேன். "இது வேண்டாமா அம்மா?" என்றான். பிரிவு 6(2)ஐ எடுத்துக் காட்டினேன், மறுபடியும் முதலிலிருந்து எழுதினான். வில்லை என்னிடம் ஒரு தாள் நிறைய இருக்கிறது. ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தை மட்டும் அவன்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தான். ரசீதைத் தையல் மிஷினின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறான். முப்பதாம் நாள் அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமையில் வருகிறது, இரண்டு காலண்டரிலும் வட்டம் போட்டாகிவிட்டது.